காரைக்குடியில் ஒரு குழந்தை வளர்ச்சி மதிப்பீட்டு மையம்: மூன்று அமர்வுகளும் ஒரு குறையும்

நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகளைப் பற்றி ‘கவனம் போதாது’ என்ற குறிப்பு மூன்று தேர்வுகளிலும் தொடர்ந்து வந்ததால், தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்கு அழைத்துச் சென்று, ஒரு குழந்தை வளர்ச்சி மதிப்பீட்டு மையத்தில் காட்டினோம். ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்றாலே வகுப்பில் நிலைகொள்ளாமல் ஓடித் திரியும் பையன் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். இவளோ அமைதியான பிள்ளை. இரண்டாங்கட்டிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் எடுத்துவரச் சொன்னால், வளவில் வந்திறங்கும் புறாக்களைப் பராக்குப் பார்த்தபடி நின்றுவிடுவாள். எதற்குப் போனோம் என்பதே மறந்துபோகும். ‘பெண் பிள்ளைதானே, போகப் போகச் சரியாகிவிடும்’ என்று அவள் அப்பத்தா சொன்னதை நானும் இரண்டு வருடம் நம்பியிருந்தேன்.

இந்த மையத்தில் எனக்கு முதலில் பிடித்தது, அவர்கள் அவசரப்படாததுதான். முதல் அமர்வில் எந்தக் குறைபாட்டின் பெயரையும் சொல்லவில்லை. கண்ணையும் காதையும் பரிசோதித்து வரச் சொன்னார்கள். தூக்கம் எத்தனை மணி நேரம் என்று கேட்டார்கள். இரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்தார்கள். பராக்குப் பார்க்கும் வேளையில் தோளைத் தொட்டால் உடனே திரும்புகிறாளா என்று மருத்துவர் கேட்டது எனக்கு விளங்கவில்லை. சில நொடிகள் மட்டும் நினைவு தப்பும் ஒருவகை வலிப்பும் வெளிப்பார்வைக்கு இப்படியே தோன்றும் என்று அவர் விளக்கிய பிறகே, அந்தக் கேள்வியின் கனம் புரிந்தது.

இரண்டாம் அமர்வுக்கு முன், ஏ.டி.எச்.டி. அறிகுறிகளைக் கேட்டறியும் வாண்டர்பில்ட் என்ற கேள்விப் படிவங்களைக் கொடுத்தார்கள். பெற்றோருக்கு 55 கேள்விகள், ஆசிரியருக்கு 43. ஏ.டி.எச்.டி. என்று முடிவுசெய்ய, வீட்டிலும் பள்ளியிலும், அதாவது குறைந்தது இரண்டு இடங்களில், அறிகுறிகள் தென்பட வேண்டும். அவை 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். படிப்பையோ பிறரோடு பழகுவதையோ பாதித்திருக்க வேண்டும். இரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ இதை உறுதிசெய்யாது என்பதால், ஆசிரியையின் சொல் இல்லாமல் முடிவெடுப்பதில்லை என்று மையத்தின் உளவியலாளர் உறுதியாக இருந்தார்.

மூன்றாம் அமர்வில்தான், இது கவனக்குறைவு மேலோங்கிய ஏ.டி.எச்.டி. என்றார்கள். வகுப்பைக் கலைக்காத பிள்ளை என்பதால் பெண் குழந்தைகளிடம் இவ்வகை பெரும்பாலும் கண்ணில் படாமல் போகிறதாம். கோலம் போட உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் எழுந்திருக்காதவளுக்கு எப்படிக் கவனக்குறைவு இருக்க முடியும் என்று கேட்டேன். கவனம் இல்லாமல் இல்லை, அதை வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில் நிறுத்துவதுதான் இவளுக்குக் கடினம் என்று உளவியலாளர் சொன்னார். பெரும்பாலும் மரபுவழி வருவது, வளர்ப்பின் பிழையன்று என்று அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ‘கொஞ்சம் பார்த்துச் செய்யக் கூடாதா’ என்று நான் அவளைத் திட்டிய நாட்களெல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் சொல்வது, முன்வரிசையில் உட்கார வைப்பது, வீட்டுப்பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது ஆகியவற்றை இப்போது செய்கிறோம். மருந்தைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிப் பேசினார்கள், வற்புறுத்தவில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். படிவங்கள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கின்றன. தமிழ்வழிப் பள்ளியில் கற்பிக்கும் அந்த ஆசிரியைக்கு, ஒவ்வொரு கேள்வியையும் நானே அருகில் உட்கார்ந்து தமிழில் சொன்னேன். பதில் என் சொற்களின் சாய்வுக்கு ஏற்ப மாறியிருக்குமோ என்ற கவலை எனக்கு இன்னும் உண்டு. முதல் சந்திப்புக்கு மூன்று வாரம் காத்திருக்கவும் நேர்ந்தது. மதுரை வரை அலைவதற்கு இது மேல் என்றாலும், தேர்வுக் காலத்தில் போகிறவர்கள் முன்கூட்டியே பதிவுசெய்வது நல்லது. பிள்ளையின் பழைய நோட்டுகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், அவற்றை அவர்கள் பக்கம் பக்கமாகப் பார்க்கிறார்கள். அடுத்த மதிப்பாய்வு தை மாதத்தில். அதற்குள் தமிழ்ப் படிவம் அச்சாகிவிடும் என்று வரவேற்பறையில் சொல்லியிருக்கிறார்கள். ஆசிரியையிடம் அதைக் கொடுத்துவிட்டு, இந்த முறை நான் வெளியே காத்திருப்பேன்.