கால்கள் ஒரு ஜோடிதான்: ஓட்டத்தையும் பளுவையும் மூன்றாண்டு சேர்த்துச் செய்த கணக்கு

குறிப்பேட்டின் முதல் ஆண்டுப் பக்கங்களைப் புரட்டும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. திங்கள் ஸ்குவாட் (தோளில் பளுவோடு உட்கார்ந்து எழுவது), செவ்வாய் எட்டுக் கிலோமீட்டர் ஓட்டம், புதன் மேலுடம்புக்கான பெஞ்ச் பிரஸ்ஸும் புல் அப்பும், வியாழன் விட்டுவிட்டு வேகமாக ஓடும் இடைவெளி ஓட்டம், வெள்ளி டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பளுவைத் தூக்கி நிமிர்வது), சனி மறுபடி எட்டுக் கிலோமீட்டர், ஞாயிறு ஒன்றரை மணி நேர நீண்ட ஓட்டம். ஏழு நாளுக்கு ஏழு வரி. பளு தூக்கும் நாளில் நுரையீரல் ஓய்வெடுக்கும், ஓடும் நாளில் தசை ஓய்வெடுக்கும் என்று நினைத்துப் போட்ட அட்டவணை. கால்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

அப்போது எனக்கு 38 வயது. முதல் நான்கு மாதம் எல்லாம் ஏறுமுகம்தான். ஸ்குவாட்டில் 90 கிலோவை ஐந்து முறை எடுத்தேன், எட்டுக் கிலோமீட்டரை 44 நிமிடத்தில் முடித்தேன். ஏழாவது மாதத்தில் அதே 90 கிலோ மூன்றாவது முறையிலேயே தோளை அழுத்தியது. ஒன்பதாவது மாதத்தில் 80 கிலோவே போதும் போதும் என்றாகிவிட்டது, ஓட்டமும் மந்தமாகி 47 நிமிடம் ஆயிற்று. காலையில் எழுந்ததும் பார்க்கும் நாடித்துடிப்பு 56இலிருந்து 63க்கு ஏறியிருந்தது. அதிகாலை மூன்று மணிக்குத் தானாக விழிப்பு வரும், பிறகு தூக்கம் வராது. மூன்று மாதத்தில் மூன்று முறை சளி. வீட்டில் ஒருநாள், "நீ உடற்பயிற்சி செய்வது உடம்புக்காகவா, எங்கள் மேல் எரிந்து விழுவதற்காகவா?" என்று கேட்டார்கள். நான் செய்ததுதான் வேடிக்கை: பலம் குறைகிறதே என்று பளுப் பயிற்சியில் இன்னொரு சுற்றை, ஒரு செட்டைக் கூட்டினேன்.

கடைசியில் மருத்துவரிடம் போனேன். உடல் மீள முடியாத அளவுக்குப் பயிற்சி செய்துவிடும் மிகைப்பயிற்சியைக் கண்டுபிடிக்கத் தனியாக ஓர் இரத்தப் பரிசோதனை கிடையாது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். இரத்தசோகை, தைராய்டு, மறைந்திருக்கும் தொற்று என்று களைப்புக்கான மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்த பிறகு எஞ்சுவதுதான் அது. எனக்கு எல்லாம் சரியாக இருந்தது. இணையத்தில் பட்டியல் பார்த்துத் தாமாகவே முடிவு கட்டுகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடக் கூடாது. சாதாரண இரும்புச்சத்துக் குறைவை ஓய்வால் சரிசெய்ய முடியாது.

ஐரோப்பிய விளையாட்டு அறிவியல் கல்லூரியும் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் 2013இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை இதை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. சில நாள் ஓய்வில் மீண்டு முன்பைவிடப் பலமாக எழுந்தால் அது பயனுள்ள மிகைச்சுமை. மீள்வதற்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆனால் பயனற்ற மிகைச்சுமை. அதையும் தாண்டிப் பல மாதம் இழுத்தால்தான் உண்மையான மிகைப்பயிற்சி நோய்க்குறி. எந்தப் படியில் நின்றோம் என்பது மீண்டு வந்த பிறகே தெரியும் என்பதுதான் இதில் உள்ள கொடுமை. இரண்டு வாரம் நடை மட்டும், பிறகு ஐந்து வாரம் மிக இலேசான பயிற்சி. ஏழாவது வார முடிவில் நாடி 57க்கு வந்தது, தூக்கமும் திரும்பியது. ஆகவே நான் இரண்டாம் படிக்காரன். பிழைத்தேன்.

அந்த ஏழு வாரத்தில் செய்ய வேறு வேலை இல்லாததால் நிறையப் படித்தேன். என் குறிப்பேட்டின் கதையை ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் 1980இலேயே எழுதி வைத்திருந்தார். ஒரு குழுவுக்குக் கால்களுக்கான எடைப்பயிற்சி மட்டும், ஒரு குழுவுக்கு ஓட்டமும் சைக்கிளும் மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும், பத்து வாரம். இரண்டையும் செய்தவர்களின் கால்பலம் முதல் ஏழு வாரம் ஏறி, பிறகு தேங்கி, கடைசி இரண்டு வாரத்தில் இறங்கியது. அவர்களின் மூச்சுத்திறனுக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. இதைப் படித்துவிட்டு ஓடினால் தசை கரையும் என்று ஜிம்முக்கு ஜிம் சொல்லித் திரிகிறார்கள். அந்தக் குழு வாரத்தில் ஐந்து நாள் எடையும் ஆறு நாள் ஓட்டமும் செய்தது என்பதைச் சொல்வதில்லை. அளவு மிதமாக இருந்தால் இந்த மோதல் மிகச் சிறியது என்றே பிந்தைய ஆய்வுகள் பெரும்பாலும் காட்டுகின்றன. என் அட்டவணையில் மிதம் இல்லை. அவ்வளவுதான்.

என் கண்ணைத் திறந்தது விளையாட்டு அறிவியல் ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டரின் எளிய கணக்கு. பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, மொத்தமாக எவ்வளவு கடினமாக இருந்தது என்று பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். அதைப் பயிற்சி நடந்த நிமிடங்களால் பெருக்குங்கள். ஒரு மணி நேர ஸ்குவாட்டுக்கு ஏழு என்றால் 420. கிலோவில் அளந்த ஸ்குவாட்டும் கிலோமீட்டரில் அளந்த ஓட்டமும் முதல் முறையாக ஒரே பேரேட்டில் வந்து உட்கார்ந்தன. பழைய பக்கங்களை நினைவிலிருந்து மதிப்பிட்டேன்: வாரத்துக்கு 398 நிமிடம், சுமை சுமார் 2650. இப்போதைய அட்டவணையில் 365 நிமிடம், சுமை 1840. நேரத்தில் அரை மணிதான் குறைந்திருக்கிறது, சுமையில் 30 சதவீதம் குறைந்திருக்கிறது. அந்த 30 சதவீதம் பெரும்பாலும் எங்கிருந்து போயிற்று என்று பார்த்தால் ஸ்குவாட்டிலிருந்தோ டெட்லிஃப்டிலிருந்தோ இல்லை. 'இலேசான ஓட்டம்' என்று எழுதிவிட்டு மூச்சிரைக்க ஓடிய நாட்களிலிருந்து போயிற்று.

இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாளாயிற்று. கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிடம் என்பது எனக்கு இலேசும் இல்லை, வேகமும் இல்லை, நடுவில் தொங்கும் ஒரு திரிசங்கு வேகம். களைப்பைத் தரும், வேகத்தைத் தராது. நீண்டதூர ஓட்ட, துடுப்பு, பனிச்சறுக்கு வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர், உச்சத்தில் இருப்பவர்களின் பயிற்சிகளில் ஏறத்தாழ 80 சதவீதம் இலேசானவையாக இருப்பதைக் கண்டார். அவர்களே அப்படி என்றால் நான் எம்மாத்திரம்? ஏழு நிமிடத்துக்கு இறங்கினேன். ஓடிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதுதான் சோதனை. தனியாக ஓடும் நாட்களில் முந்தைய நாள் சாப்பாட்டைப் பற்றி எனக்கு நானே உரக்கச் சொல்லிப் பார்ப்பேன். பூங்காவில் சிலர் விலகி நடந்தார்கள், பரவாயில்லை.

இரண்டாவது மாற்றம் முதலில் எனக்கே கிறுக்குத்தனமாகத் தோன்றியது: கடினமானதைக் கடினமானதோடு சேர்ப்பது. இப்போது செவ்வாய் காலையில் ஸ்குவாட், அன்று மாலையே இடைவெளி ஓட்டம், நடுவில் குறைந்தது ஆறு மணி நேரம். செவ்வாய் இரவு மனிதன் துவண்டுதான் போகிறான். ஆனால் புதன் நாற்பது நிமிட நடை மட்டும், வியாழன் மேலுடம்பு. வெள்ளி டெட்லிஃப்டுக்கு முன் கால்களுக்கு இரண்டு முழு நாள் கிடைக்கிறது. பழக்கமில்லாத உழைப்புக்குப் பின் வரும் தசைவலி பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். முன்பு ஒரு வலி இறங்கும் முன் அடுத்ததை அதன் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தேன். சனி இலேசான ஓட்டம், ஞாயிறு நீண்ட மெதுவோட்டம், திங்கள் ஒன்றுமில்லை.

சாப்பாடு என் பெரிய ஓட்டை. எடை நான்கு கிலோ இறங்கியபோது மகிழ்ந்தேன், அதே மாதம்தான் ஸ்குவாட் இறங்கியது என்பதை இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்வரை கவனிக்கவில்லை. செலவைக் கூட்டிவிட்டு வரவை அப்படியே விட்டால் உடல் எங்கிருந்து தசை கட்டும்? சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்த ஆற்றல் பற்றாக்குறைக்கென்றே 2014இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவது அல்லது நிற்பது இதன் முக்கியமான எச்சரிக்கை. நான் புரதத்தை உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1.6 கிராம் என்று வைத்துக்கொண்டேன், கடின நாட்களில் மாவுச்சத்தைத் தாராளமாகக் கூட்டினேன். அதிகாலை மூன்று மணி விழிப்பு அதன் பிறகு திரும்பவே இல்லை.

வாங்கிய பொருட்களைப் பற்றிச் சொல்லாமல் இருந்தால் இது அனுபவப் பகிர்வே ஆகாது. கைக்கடிகாரம் தினமும் காலையில் தரும் 'மீட்சி மதிப்பெண்ணை' ஓராண்டு கும்பிட்டேன், இப்போது பார்ப்பதில்லை. அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் இதயத்துடிப்பு இடைவெளி மாறுபாட்டில் ஒருநாள் எண் வெறும் சோழி உருட்டல், ஏழு நாள் சராசரி மட்டும் கொஞ்சம் பேசுகிறது. அதிகபட்ச இதயத்துடிப்பைக் கணிக்க 220இலிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரம் ஒருவருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு தள்ளிப்போவது சாதாரணம், அதை நம்பி இலேசு எது கடினம் எது என்று கோடு கிழிக்க வேண்டாம். மணிக்கட்டில் படிக்கும் துடிப்பு, இரும்புக் கம்பியை இறுக்கிப் பிடிக்கும்போது தாறுமாறாகிறது. துடிப்பை அளக்கும் மார்புப் பட்டை உழைக்கிறது. தசையை உருட்டித் தேய்க்கும் நுரை உருளை சுகமாக இருக்கிறது, அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டேன். பனிக்குளியலை விட்டுவிட்டேன். எடைப்பயிற்சி முடிந்ததும் குளிர்நீரில் அமர்ந்தவர்களுக்குப் பன்னிரண்டு வாரத்தில் தசை வளர்ச்சியும் பலமும் குறைவாகவே கூடின என்று 2015இல் ஓர் ஆய்வு வந்தது. நடுங்கிக்கொண்டே நஷ்டப்படுவானேன்?

எல்லாம் நேராகிவிட்டது என்று நினைத்த இரண்டாம் ஆண்டில்தான் இடது குதிகால் தசைநாண் வலி வந்தது. உடம்பு இலேசாக இருக்கிறதே என்று இடைவெளி ஓட்டத்தை மூன்று வாரத்தில் இரட்டிப்பாக்கியிருந்தேன். தசையும் மூச்சும் சீக்கிரம் தேறும், தசைநாண் மெதுவாகத்தான் வரும். பத்து வாரம் ஓட்டத்துக்குப் பதில் சைக்கிள், கூடவே பளுவோடு மிக மெதுவான குதிகால் ஏற்றம். ஒவ்வொரு அடியும் தரையில் மோதாததால் சைக்கிள் கால்களை அவ்வளவாக அடிப்பதில்லை. அந்தப் பத்து வாரத்தில் ஸ்குவாட் 7.5 கிலோ கூடியது எனக்கு எதிர்பாராத பரிசு.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை குறைப்பு வாரம். முதலில் எடையைப் பாதியாக்கினேன், திரும்பி வரும்போது கம்பியே அந்நியமாக இருந்தது. இப்போது எடையைத் தொடுவதில்லை, செட்டுகளைப் பாதியாக்குகிறேன், ஓட்ட தூரத்தையும் அப்படியே.

கணக்குக்கு அடங்காத மாதங்களும் உண்டு. சென்ற ஆண்டு அலுவலகத்தில் ஒரு வேலை கழுத்தைப் பிடித்தது, ஐந்து மணி நேரத் தூக்கம். சுமை எண் அதே 1840, நாடி மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. வெவ்வேறு தொல்லைகளுக்கு உடல் ஒரே மாதிரி எதிர்வினை காட்டுவதை உடல் அழுத்தத்தை ஆராய்ந்த ஹான்ஸ் செலியே 1936இலேயே எழுதிவிட்டார். மேலாளரின் மின்னஞ்சலுக்குப் பேரேட்டில் பத்தி இல்லை என்பதற்காக அது செலவு இல்லையென்று ஆகிவிடாது. அதனால் ஒரு விதி வைத்தேன்: தொடர்ந்து மூன்று காலை நாடி வழக்கத்தைவிட ஏழுக்கு மேல் ஏறி, தூக்கமும் கெட்டிருந்தால் அடுத்த கடினப் பயிற்சி ரத்து. சென்ற ஆண்டு பதினொரு முறை ரத்து செய்தேன். அதில் இரண்டு முறை மறுநாளே காய்ச்சல் வந்தது.

இப்போது 41 வயதில் ஸ்குவாட் 110 கிலோ ஐந்து முறை, எட்டுக் கிலோமீட்டர் 41 நிமிடம். யாரும் திரும்பிப் பார்க்கும் எண்கள் இல்லை. இரண்டும் ஒரே மாதத்தில் எடுத்தவை என்பதில் எனக்கு மட்டும் ஒரு கர்வம்.

திங்கட்கிழமை இன்னும் பழகவில்லை. ஆரம்பத்தில் அன்றைய கட்டத்தைக் காலியாக விட்டேன். காலியாகத் தெரிந்தால் மாலைக்குள் எதையாவது செய்து நிரப்பிவிடக் கை பரபரக்கும். அதனால் இப்போது காலையில் பல் துலக்கும் முன்பே பேனாவை எடுத்துப் பெரிதாக ஒரு சுழியம் போட்டுவிடுகிறேன்.