கை கழுவ எங்கே போகணும், சிஸ்டர்?

ஷார்ஜாவிலிருந்து லீவுக்கு வந்தவன், பத்திர ஆபீஸ், பேங்க் என்று அலைந்த கதையை எழுதலாம் என்றுதான் இருந்தேன். நடுவில் அக்கா மகன் பைக்கின் பின்சீட்டிலிருந்து விழுந்துவிட்டான். சேரன்மகாதேவி ரோட்டில் மாடு குறுக்கே பாய்ந்திருக்கிறது. எட்டு வயசுப் பையன், ஹெல்மெட் கிடையாது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 108 சீக்கிரமே வந்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, ஒரு தொகை வரை இலவசம். பட்டியலில் இருக்கும் தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். நாங்கள் போன இடத்தில் கார்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. ஸ்கேன், மூளை சர்ஜன், வெண்டிலேட்டர் எல்லாம் அன்றைக்கே கிடைத்தன.

48 மணி நேரத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பிள்ளையைச் சேர்த்து அவ்வளவு நேரம் கழித்துத் தலைகாட்டும் தொற்றை, பொதுவாக ஆஸ்பத்திரியிலேயே பிடித்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பயலுக்கு வந்த நிமோனியா அந்த ரகம்.

தலைக்காயம் பட்ட பிள்ளைக்கு இது ஏன் லேசாக வருகிறது என்று டியூட்டி டாக்டர் பொறுமையாக விளக்கினார். நினைவு இல்லை, இருமல் வராது, எச்சிலை விழுங்கத் தெரியாது. மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூப், சிறுநீருக்கு ஒன்று, கழுத்து ரத்தக்குழாயில் ஒன்று. ஒவ்வொன்றும் கிருமிக்குத் திறந்த வாசல். அடிபட்ட மூளை உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் கொஞ்ச நாள் அமுக்கிவிடுமாம். கட்டிலின் தலைமாட்டை 30 டிகிரி உயர்த்தி வைப்பது மண்டைக்குள் அழுத்தம் குறையவும், வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போகாமலிருக்கவும்தான். பேச்சில் ஒரு குறையும் இல்லை.

குறையெல்லாம் ஐ.சி.யூ. வாசலில். செருப்பைக் கழற்றி நீலச் செருப்பு மாட்டாமல் உள்ளே விடமாட்டார்கள். ஆணியில் ஒரு பச்சை கவுன் தொங்கும். பார்க்க வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் அது ஒன்றுதான். கை கழுவச் சொல்ல ஆள் இல்லை. கட்டில் காலடியில் மாட்டியிருந்த சானிடைசர் பாட்டிலை அழுத்தினால் புஸ்ஸென்று காற்று வந்தது. கிருமி செருப்பில் வருவதைவிடக் கையில் வருவதுதான் அதிகம். ஒரு கட்டிலில் சளி உறிஞ்சிய கை, கழுவாமல் அடுத்த கட்டிலுக்குப் போனால் போதும்.

நம் சனமும் லேசுப்பட்டதில்லை. ஆச்சி நெல்லையப்பர் கோயில் திருநீற்றை எடுத்துக்கொண்டு நேரே பயல் நெற்றிக்குப் போனாள். தடுத்ததற்கு, “நம்ம பிள்ளய நாம தொட்டா என்னல வந்துரும்?” என்று என் மேல் பாய்ந்தாள். சிஸ்டர்தான் சமாளித்தார்: “கையக் கழுவிட்டுப் பிள்ள கையப் பிடிச்சுக்கோங்க ஆச்சி. திருநீறு பொட்டலம் தலைமாட்டுல இருக்கட்டும்.” அந்த சிஸ்டருக்கு அன்றைக்கு எத்தனை கட்டில் என்று நினைத்தால் கோபம் அவர் மேல் வராது. ஆள் போடாத நிர்வாகத்தின் மேல்தான் வரும்.

காய்ச்சல் வந்தபோது முதலில் குழப்பம். மூளையில் அடிபட்டாலே காய்ச்சல் வரலாம், தொற்றாலும் வரலாம். எதுவானாலும் சூடு ஏறினால் அடிபட்ட மூளைக்குக் கெடுதல். என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்க, சளியை எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். வந்தது கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா, பாதி மருந்துக்கு மசியாத வகை. கடைசியில் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி. அது கிட்னியைப் பாதிக்கும் என்பதால் தினமும் ரத்தப் பரிசோதனை.

அதற்கப்புறம் தினமும் காலை ரவுண்ட்ஸில், “சார், இன்னைக்கு எந்த டியூபை எடுக்கலாம்?” என்று கேட்க ஆரம்பித்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. சிறுநீர் டியூப் அடுத்த நாளே போனது. தேவையில்லாத டியூபை ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது என்பது அவர்களுக்கும் தெரிந்ததுதான். வேலை நெருக்கடியில் தள்ளிப்போகிறது.

இப்போது நடக்கிறான். பேச்சு கொஞ்சம் மெதுவாக வருகிறது, பிசியோதெரபி ஓடுகிறது. டிஸ்சார்ஜ் காகிதத்தில் நிமோனியா என்று இருந்தது, எப்போது வந்தது என்று இல்லை. அத்தான் “விடுங்க மாப்ள” என்றார். நான் விடவில்லை. டாக்டர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, ‘அட்மிஷனுக்குப் பிறகு’ என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.