ஆறு வார எலிமினேஷன் டயட் திட்டம்: சேர்ந்து முடித்த பிறகு ஒரு மதிப்பீடு

கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதமும் பாலும் தமக்கு ஒத்துக்கொள்கின்றனவா என்று அறிய விரும்புவோருக்காக, உணவியல் ஆலோசகர் ஒருவரின் வழிகாட்டுதலோடு இணையவழியில் நடத்தப்படும் ஆறு வாரத் திட்டம் ஒன்றில் சேர்ந்து, அதை அண்மையில்தான் முடித்தேன். முதல் மூன்று வாரங்கள் கோதுமை, பார்லி, ரை போன்ற தானியங்களையும் பால் பொருள்கள் அனைத்தையும் முற்றாக விலக்க வேண்டும். அடுத்த மூன்று வாரங்களில் அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து உடல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும். சாப்பிட்டு எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வயிறு உப்பி, இடுப்புப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு உட்காருவது எனக்கு இரண்டு ஆண்டுகளாக வழக்கமாகியிருந்ததால், ஏதாவது ஒன்று தெரிந்தால் போதும் என்ற நிலையில்தான் சேர்ந்தேன்.

திட்டத்தின் மிகப் பெரிய குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேரும்போது நிரப்பிய கேள்வித்தாளில் தூக்கம், மன உளைச்சல், குடிக்கும் தண்ணீரின் அளவு என எல்லாம் இருந்தன. சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனை செய்துகொண்டீர்களா என்ற கேள்வி மட்டும் இல்லை. சீலியாக் என்பது வெறும் செரிமானக் கோளாறு அன்று. குளூட்டன் உள்ளே போனதும் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிற நோய். ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு அது இருக்கிறது. அதைக் கண்டறிய இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்களை அளக்கும் டிடிஜி-ஐஜிஏ பரிசோதனை, குளூட்டனை வழக்கம்போல் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம்தான் நம்பத்தக்க விடை தரும். சாப்பிடுவதை நிறுத்தியவரின் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் குறைந்துபோய், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். இதை நான் அறிந்தது நான்காம் வாரத்தில், வேறொரு காரணத்துக்காக மருத்துவரிடம் போனபோது. திட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு, உப்புசத்தைப் பொறுத்துக்கொண்டு ஆறு வாரங்கள் நாள்தோறும் கோதுமை ரொட்டி சாப்பிட்டு, அதன் பிறகு இரத்தம் கொடுத்தேன். நோய் இல்லை என்று வந்தது. திட்டத்தார் கூடுதல் கட்டணம் வாங்காமல் என்னை முதலிலிருந்து தொடங்க அனுமதித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் இந்த அலைச்சலே இருந்திருக்காது.

விலக்கும் கட்டம் நினைத்ததைவிட எளிதாகவே கழிந்தது. சோயா சாஸில் கோதுமை, மால்ட் என்ற பெயரில் பார்லி, நொறுக்குத் தீனிப் பொட்டலங்களில் மோர்ப்புரதப் பொடி என்று ஒளிந்திருப்பவற்றைக் காட்டிக்கொடுக்கும் கையேடு மிக நன்றாகத் தயாரிக்கப்பட்டிருந்தது. பத்தாம் நாளில் உப்புசம் பாதியாகக் குறைந்தது. எதை விலக்கியதால் குறைந்தது என்பதுதான் தெரியவில்லை. இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தினால் எப்படித் தெரியும்?

அதற்கு விடை காணத்தான் திரும்பச் சேர்க்கும் கட்டம் இருக்கிறது. கொடுத்த பணத்துக்கு ஈடானதும் அதுதான். ஒரே ஒரு உணவை முதல் நாள் சிறிதாக, இரண்டாம் நாள் நடுத்தரமாக, மூன்றாம் நாள் முழு அளவில் சாப்பிட்டு, பிறகு மூன்று நாள் இடைவெளி விட வேண்டும் என்ற முறை தெளிவாக வகுக்கப்பட்டிருந்தது. ஆனால் எதைச் சாப்பிடுகிறோம் என்று தெரிந்தே சாப்பிடும்போது எதிர்பார்ப்பும் வேலை செய்கிறது. பயந்துகொண்டே தின்றால் பயத்துக்கும் வயிறு உப்பும். ஆகவே என் மனைவியை உதவிக்குச் சேர்த்துக்கொண்டு, சாதாரணப் பாலையும், பாலின் இயற்கைச் சர்க்கரையான லாக்டோஸை நீக்கிய பாலையும் எது எதுவென்று சொல்லாமல் வெவ்வேறு நாள்களில் தரச் சொன்னேன். முதல் மடக்கிலேயே சோதனை பாழானது. லாக்டோஸ் நீக்கிய பாலில் அந்தச் சர்க்கரை குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் பிளக்கப்பட்டிருப்பதால் அது நாக்குக்கு நன்றாகவே இனிக்கிறது. அடுத்த முறை இரண்டிலும் கோகோவும் சர்க்கரையும் தாராளமாகக் கலந்த பிறகுதான் வேறுபாடு பிடிபடாமல் போயிற்று. ஒரு கோப்பைச் சாதாரணப் பாலில், அதாவது ஏறத்தாழ 12 கிராம் லாக்டோஸில், ஒன்றும் ஆகவில்லை. இரண்டு கோப்பையை ஒரே மூச்சில் குடித்த நாளில் வயிறு இரைந்தது. வளர்ந்த மனிதர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குறைந்துவிடுகிறது என்பதால் இதில் வியப்பில்லை. பால் புரதத்துக்கு ஏற்படும் ஒவ்வாமை முற்றிலும் வேறு சங்கதி. அது உள்ளவர்கள் வீட்டில் இப்படிச் சோதித்துப் பார்க்கவே கூடாது.

கோதுமையில்தான் திட்டம் சறுக்கியது. ரொட்டி சாப்பிட்ட மூன்று நாளும் உப்புசம் திரும்பி வந்ததால், எனக்குக் குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று அறிக்கை எழுதிவிட்டார்கள். கோதுமையில் குளூட்டன் மட்டுமா இருக்கிறது? வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள ஃப்ரக்டான் என்ற கார்போஹைட்ரேட் வகை கோதுமையிலும் உண்டு. நார்வேயில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், சீலியாக் இல்லாமலேயே குளூட்டனைத் தவிர்த்து வந்த 59 பேருக்குக் குளூட்டன், ஃப்ரக்டான், இரண்டும் இல்லாதது என மூன்று வகைத் தின்பண்டங்களை அடையாளம் தெரியாமல் கொடுத்துப் பார்த்தபோது, ஃப்ரக்டான் சாப்பிட்ட வாரத்தில்தான் தொல்லை மிகுந்திருந்தது. இதைப் படித்த பிறகு, கோதுமை மாவைக் கழுவிப் பிரித்தெடுத்த குளூட்டன் பொடியை, ஏறத்தாழ மூன்று ரொட்டித் துண்டுகளில் இருக்கும் அளவாகிய 8 கிராம், மசித்த உருளைக்கிழங்கில் கலந்து மூன்று நாள் சாப்பிட்டேன். வயிறு அசையவே இல்லை. பச்சை வெங்காயம் அரை மணி நேரத்திலேயே தன் வேலையைக் காட்டியது.

எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று இரத்தத்தைப் பார்த்துச் சொல்வதாகத் திட்டத்தோடு சேர்த்து விற்கப்படும் ஐஜிஜி உணவுப் பரிசோதனையை வாங்க வேண்டாம். ஐஜிஜி எதிர்ப்பொருள் இருப்பது அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறோம் என்பதைத்தான் காட்டுகிறது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் அமைப்பு 2008இலேயே சொல்லிவிட்டது.

சீலியாக் பரிசோதனையை முன்கூட்டியே முடித்துவிட்டு, ஆலோசகரிடம் ஃப்ரக்டானைத் தனியாகச் சோதிக்கச் சொல்லிக் கேட்கும் துணிவும் இருப்பவர் இத்திட்டத்தில் சேரலாம். குழந்தைகளுக்கும், உண்ணுதல் சார்ந்த மனநலச் சிக்கல் இருந்தவர்களுக்கும் நேரடி மருத்துவக் கண்காணிப்பின்றி இது வேண்டாம். நாள்குறிப்புச் செயலியில் உணவின் பெயரை மட்டுமே பதிய முடிகிறது, அளவைப் பதிய இடமில்லை. நான் அளவுகளை ஒரு பழைய நோட்டில் எழுதிவந்தேன், ஒரு கோப்பைப் பாலுக்கும் இரண்டு கோப்பைப் பாலுக்கும் இடையிலிருந்த வேறுபாடு அந்த நோட்டில்தான் இருக்கிறது.