"1896" என்று போட்டு விற்கிறார்கள்: பழைய .32 டாப்-பிரேக் ரிவால்வர் வாங்குவோர் கவனத்துக்கு

அமெரிக்க ஆன்லைன் ஏலங்களில் அடிக்கடி கண்ணில் படும் விளம்பரம் இது: "ஐவர் ஜான்சன் சேஃப்டி ஆட்டோமேட்டிக், .32, ஐந்து தோட்டா, 3 அங்குல பேரல். 1896-இல் செய்தது. அசல் நிக்கல். இன்றைய தோட்டாவைத் தாராளமாகச் சுடலாம். ஆன்டிக் என்பதால் பேப்பர் வேலை எதுவும் இல்லை, நேரே வீட்டுக்கே வரும்." நண்பர் ஒருவர் இதை நம்பி 385 டாலர் கட்டினார். வந்து சேர்ந்ததில் கம்பெனி பெயர், .32, ஐந்து தோட்டா, 3 அங்குலம் ஆகிய நான்கும் சரி. மற்றது எல்லாம் பொய். விற்றவர் பெயர் இங்கே வேண்டாம். இதே வாசகத்தைப் பல பேர் பயன்படுத்துகிறார்கள், ஆளை விட ஏமாற்றும் முறை தெரிந்திருப்பதுதான் உதவும்.

துப்பாக்கியைப் பார்க்காமலே இந்த விளம்பரத்தைத் தள்ளியிருக்கலாம், ஏனென்றால் அதன் இரண்டு வாக்கியங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. ஐவர் ஜான்சன் கம்பெனி, இன்றைய தோட்டாவில் இருக்கும் அழுத்தம் அதிகமான புகையில்லா மருந்துக்கு என்று, தன் டாப்-பிரேக்கை (பூட்டைத் திறந்தால் பேரல் முன்பக்கம் மடங்கும் ரிவால்வர்) மாற்றி வடிவமைத்து மூன்றாம் மாடலாகக் கொண்டுவந்தது 1909-இல். அதற்கு முன்னால் வந்த முதல் மாடலும் இரண்டாம் மாடலும் பழைய காலக் கருமருந்துக்காகச் செய்தவை. ஆக, அது ஆன்டிக் (1898 வரை செய்தது) என்றால் இன்றைய தோட்டாவுக்கு ஆகாது. இன்றைய தோட்டாவுக்கு ஆகும் என்றால் ஆன்டிக் கிடையாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறவருக்கு ஒன்று விஷயம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியும்.

வருடத்தில் ஏன் இவ்வளவு பொய் என்றால், 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்ட துப்பாக்கி ஆன்டிக். மத்தியச் சட்டத்தின் கணக்கில் அது 'துப்பாக்கி'யே அல்ல. உரிமம் பெற்ற டீலர் நடுவில் வராமல் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு விற்கலாம். 1899-இல் செய்ததற்கு அந்தச் சலுகை இல்லை. கணக்கில் வருவது ஃபிரேம், அதாவது துப்பாக்கியின் உடல், செய்யப்பட்ட தேதி. கடைக்குப் போன தேதி அல்ல. இந்த ஒரு வருட வித்தியாசம்தான் விலையை ஏற்றுகிறது. வாங்குகிறவருக்குப் பணம் மட்டும் போவதில்லை, தெரியாமலே சட்டத்தை மீறியவராகவும் ஆகிவிடுகிறார். மாநிலச் சட்டங்கள் தனி, சிலவற்றில் ஆன்டிக்குக்கும் கெடுபிடி உண்டு. ஊருக்கு எடுத்துப் போகலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு: 1898 என்பது அமெரிக்கக் கணக்கு, இந்தியாவில் அதைக் காட்டி எதுவும் நடக்காது.

இப்போது அந்த "1896" எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இரண்டாம் மாடலின் பிடிக்கு அடியில் ஒரு வரி பொறித்திருக்கும்: பேட்டன்ட் ஏப்ரல் 6, 86, பிப்ரவரி 15, 87, மே 10, 87, ஆகஸ்ட் 25, 96. அவ்வளவுதான் விஷயம். கடைசித் தேதியை எடுத்து, செய்த வருடம் என்று போட்டுவிடுகிறார்கள். பேட்டன்ட் தேதி சொல்வது "இதற்கு முன்னால் செய்திருக்க முடியாது" என்பதை மட்டும்தான். எப்போது செய்தார்கள் என்பதை அது சொல்லாது. அதே வரியைப் போட்டுக்கொண்டு அந்த மாடல் 1908 வரை வந்திருக்கிறது.

லாட்ச்சை, அதாவது பேரலை ஃபிரேமோடு பூட்டும் பாகத்தை, பார்த்தால் பாதி வழக்கு முடிந்துவிடும். 1894-இலிருந்து 1896 வரை வந்த முதல் மாடலில், பேரலின் மேல்பட்டை வந்து பூட்டிக்கொள்ளும் இடத்தில் ஃபிரேமிலிருந்து ஒரே ஒரு தூண் எழும்பி நிற்கும். 1897-இலிருந்து இரண்டு தூண்கள், அவற்றுக்கு நடுவில் பட்டை வந்து உட்காரும். நண்பருக்கு வந்ததில் இரண்டு தூண். விளம்பரப் படத்திலேயே அது தெளிவாகத் தெரிந்தது, பெரிதாக்கிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. இரட்டைத் தூண் இருந்தால் "1896" அந்த இடத்திலேயே செத்தது.

ஆனால் இரட்டைத் தூண் 1897, 1898 என்றும் இருக்கலாமே? இருக்கலாம். அதைத் தீர்த்து வைப்பது இடது பக்கப் பிடித்தகட்டின் அடியில் இருக்கும் சீரியல் நம்பர். ஒரே திருகு. திருகு வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவர் வேண்டும், வீட்டில் கிடப்பதைப் போட்டுத் திருகினால் வெட்டு வாய் பிளந்து கொள்ளும். தகட்டை நெம்பக் கூடாது. நூறு வருடத்து ரப்பர் மொறுமொறுவென்று உடையும், அடிப்பக்கம் ஒரு குச்சி முள் அதைப் பிடித்திருக்கும். திருகை முழுதும் எடுக்காமல் பாதி தளர்த்தி, அதன் தலையில் மெதுவாகத் தட்டினால் எதிர்ப்பக்கத் தகடு தானே எழும்பும். உள்ளே எண்ணும், பெரும்பாலும் எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்தும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் வருடம். எழுத்தை விழுங்கிவிட்டு எண்ணை மட்டும் சொல்வது விற்பவர்களின் வாடிக்கை, அப்படிப் படித்தால் வேறொரு வருடத்துக்குப் போய்விடலாம். நண்பருக்குச் செய்தியில் வந்தது எண் மட்டும். தகட்டைக் கழற்றியபோது எழுத்து இருந்தது, சேகரிப்பாளர்கள் பயன்படுத்தும் பட்டியலோடு ஒப்பிட்டால் 1898-ஐத் தாண்டிய வரிசை. எனவே பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது ஒன்றே: இடது தகட்டைக் கழற்றி, எண்ணும் எழுத்தும் தெரிகிற மாதிரி படம். "கழற்றினால் உடைந்துவிடும்" என்று பதில் வந்தால் வேறு துப்பாக்கி பாருங்கள்.

அடுத்து ஆந்தை. ஐவர் ஜான்சன் பிடித்தகட்டின் மேல்பக்கம் ஓர் ஆந்தைத் தலை இருக்கும். ஆந்தை பேரல் பக்கம் பார்த்தால் கருமருந்து, சுடுகிறவர் பக்கம் திரும்பியிருந்தால் புகையில்லா மருந்து என்பது சேகரிப்பாளர்கள் சொல்லும் வழி. வழி சரிதான், ஆனால் தகடு கழன்று மாறக்கூடிய பொருள், புதிதாக வார்த்ததும் விலைக்குக் கிடைக்கிறது. பழைய ரப்பர் வெயில் பட்டுக் காப்பித்தூள் நிறத்துக்கு மங்கியிருக்கும், கட்டங்களின் முனை தேய்ந்திருக்கும். புது வார்ப்பு மை மாதிரி கறுத்துப் பளபளக்கும். நம்ப வேண்டியது உள்ளே இருப்பதை: தகட்டைக் கழற்றினால் தெரியும் மெயின் ஸ்பிரிங் தட்டையான பட்டையாக இருந்தால் பழையது, சுருளாக இருந்தால் 1909-க்குப் பிந்தியது. சிலிண்டரும் சொல்லும். மூன்றாம் மாடலில் ட்ரிகரைத் தொடாதபோதும் சிலிண்டர் பூட்டி நிற்கும். பழையவற்றில் ஓய்வில் அது சும்மா சுற்றும். அது பழுதல்ல, வடிவமைப்பே அப்படி. "சிலிண்டர் லூஸ், அதனால் விலை குறைக்கிறேன்" என்று பெருந்தன்மை காட்டுகிறவரும் உண்டு!

"அசல் நிக்கல்" என்ற பொய்யைத்தான் பிடிப்பது சுலபம். தொழிற்சாலையிலிருந்து நிக்கலாக வந்த இந்த டாப்-பிரேக்குகளில் ட்ரிகர் கார்டு (ட்ரிகரைச் சுற்றிய வளையம்) நீலப்பூச்சு, ஹேமர் (பின்னாலிருந்து விழுந்து அடிக்கும் சுத்தி) கேஸ் ஹார்டனிங் (மேற்பரப்பைக் கடினமாக்கும் முறை) செய்து பல நிறம் கலந்த சாம்பல். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் டாப்-பிரேக்கில் லாட்ச்சும் நீலம். ட்ரிகர் கார்டும் ஹேமரும் சேர்ந்து பளபளத்தால் பிற்காலத்தில் யாரோ முழுசாக நிக்கலில் முக்கி எடுத்திருக்கிறார்கள். முக்குவதற்கு முன் பஃப் போட்டு மெருகேற்றுவார்கள். அதில் பேரல் விளிம்பின் கூர் மழுங்கும், எழுத்துகளின் ஓரம் கரையும், திருகு ஓட்டையின் வாய் கிண்ணம் போலக் குழியும். நண்பருடையதில் ஃபிட்ச்பர்க் என்ற ஊர்ப் பெயரின் பாதி எழுத்துகளை விரலால் தடவினால்கூடத் தெரியவில்லை, துருப்பிடித்த குழிகளுக்குள்ளேயும் நிக்கல் பளபளத்தது. குழி முதலில், பூச்சு பிறகு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கையில் கிடைத்தால் வேலை செய்யும் பாகங்களையும் பாருங்கள். முதலில் லாட்ச்சைத் திறந்து ஐந்து அறையும் காலி என்று உறுதி செய்யுங்கள். திறக்கும்போது எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரம் (தோட்டாக்களை வெளியே தள்ளும் பாகம்) எழும்பி, முழுதும் மடங்கியதும் சட்டென்று உள்ளே விழ வேண்டும். பாதியில் நின்றால் கீலுக்குள் இருக்கும் கொக்கியோ ஸ்பிரிங்கோ போயிருக்கிறது. மூடிய பிறகு பேரலைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். லாட்ச் அருகே ஆட்டம் தெரிந்தால், கருமருந்து ஃபிரேமில் யாரோ புகையில்லாத் தோட்டாவைச் சுட்டே தள்ளியிருக்கலாம். இந்த ரகத்தில் முதலில் தேய்வது லாட்ச்சும் கீல் திருகும்தான். பேரலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள்: 0.15 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது, 0.30-ஐத் தாண்டினால் வேண்டாம். ஹேமரை முழுதும் இழுத்து நிறுத்தி, ட்ரிகரில் விரல் வைக்காமல், பின்னாலிருந்து கட்டைவிரலால் தள்ளுங்கள். விழக் கூடாது. நண்பருடையது லேசாகத் தொட்டதற்கே விழுந்தது, உள்ளே ஹேமரைப் பிடித்து நிறுத்தும் வெட்டு தேய்ந்துவிட்டது. அடுத்து ட்ரிகரைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடி ஹேமருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே பக்கவாட்டில் பாருங்கள். அங்கே ஒரு சிறு பட்டை மேலே எழும்பி நிற்க வேண்டும். ஹேமரின் அடியை, தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசிக்குக் கடத்துவது அதுதான். "ஹேமரை ஹேமரால் அடியுங்கள்" என்று அந்தக் காலத்தில் விளம்பரம் செய்தார்கள் அல்லவா, அந்தப் பாதுகாப்பு இதுவே. பட்டை உடைந்திருந்தால் எல்லாம் கிளிக் கிளிக் என்று அழகாக இயங்கும், தோட்டா வெடிக்காது. பேரலை வெளிச்சத்தில் பார்க்கும்போது உள்ளே வளையம் மாதிரி ஒரு கறுப்பு நிழல் தெரிந்தால் அங்கே பேரல் உப்பியிருக்கிறது.

தோட்டா விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இவற்றுக்கு உரியது 1878-இல் வந்த .32 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்) குட்டை ரவுண்டு. .32 லாங் 1896-இல் வந்த வேறு ரவுண்டு. குட்டை லாங் அறையில் நுழையும், லாங் குட்டை அறைக்கு நீளம் அதிகம். லாங் நுழைய வேண்டும் என்று அறையைத் துளைத்து நீட்டிய சிலிண்டர்களும் சந்தைக்கு வருகின்றன. அவற்றைச் சுடவே சுடாதீர்கள். .38 டாப்-பிரேக்கிலும் இதே கூத்து: அது .38 எஸ் அண்ட் டபிள்யூ, .38 ஸ்பெஷல் கிடையாது. இரண்டுக்கும் தோட்டாவின் குறுக்களவே வேறு.

பெயரை வைத்து ஏமாற்றுவது இன்னொரு கிளை. 'யு.எஸ். ரிவால்வர் கம்பெனி' என்று பொறித்ததை அமெரிக்க ராணுவத் துப்பாக்கி என்று விற்பார்கள். அது ஐவர் ஜான்சனே சுமார் 1910 முதல் விற்ற மலிவு பிராண்ட், மேலே சொன்ன பாதுகாப்புப் பட்டைகூட அதில் கிடையாது. ஒன்றுகூட ஆன்டிக் ஆகாது. 'சீக்ரெட் சர்வீஸ் ஸ்பெஷல்' என்பது சிகாகோ வியாபாரி ஒருவரின் வணிகப் பெயர், உளவுத் துறைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. "மெக்கின்லியைச் சுட்டது இதே மாடல்" என்று 100 டாலர் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். 1901-இல் ஜனாதிபதி மெக்கின்லியை பஃபலோ நகரில் சுட்டது .32 ஐவர் ஜான்சன் என்பது நிஜம். அது அன்று கடையில் 4.50 டாலருக்கு விற்ற சாதாரணச் சரக்கு, சுட்ட துப்பாக்கி அந்த நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உங்களுக்கு வரப்போவது அது இல்லை.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .32 டபுள் ஆக்‌ஷன் (ட்ரிகரை இழுத்தாலே ஹேமர் எழும்பி அடிக்கும் ரகம்) பக்கம் போனால் பொய்யின் விலை பல மடங்கு. 1880-இல் வந்த முதல் மாடல் சுமார் 30 மட்டுமே. உள் பாகங்களை மூடும் பக்கத்தகட்டின் ஓரம் நேர்கோடாக வெட்டியிருக்கும், அடுத்த மாடலிலிருந்து அது வளைவு. எண் 1 முதல் 30-க்குள் இருக்க வேண்டும். சாதாரண நான்காம் மாடலின் எண்ணை உரசிவிட்டுச் சின்ன எண் அடித்தால், பிடியின் அடியில் இருப்பது மாறும். ஆனால் அதே எண் சிலிண்டரின் பின்முகத்திலும் லாட்ச்சிலும் இருக்கும், அவற்றையும் படம் கேளுங்கள். இந்த .32-க்கு ஆன்டிக் எல்லையாகச் சேகரிப்பாளர்கள் ஏற்கும் எண் 209301, அதற்குக் கீழே இருக்க வேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருந்தால் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போய் வேலை பார்த்துவிட்டு வந்தது, "அசல் பூச்சு" என்று சொன்னால் நம்ப வேண்டாம். கட்டணம் கட்டி ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தொழிற்சாலைப் பதிவிலிருந்து கடிதம் வாங்கலாம்: அனுப்பிய தேதி, பூச்சு, பேரல் நீளம் எல்லாம் வரும். பெரிய தொகை கொடுக்கும் முன் அந்தக் கடிதம் கட்டாயம்.

பணம் திரும்ப வருமா என்றால், நண்பருக்கு இன்னும் வரவில்லை. "உள்ளது உள்ளபடி, திரும்பப் பெறுவதில்லை" என்ற ஒரு வரியைக் காட்டுகிறார் விற்றவர். மணி ஆர்டரில் கட்டியதால் கார்டு கம்பெனியிடம் போகவும் வழியில்லை. விளம்பரத்தில் எழுதியதற்கும் பொருளுக்கும் வித்தியாசம் இருந்தால் அந்த வரி அவரைக் காப்பாற்றாது என்று வாதிடலாம், அதற்கு விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட் வேண்டும், ஏலம் முடிந்ததும் சிலர் வாசகத்தையே மாற்றிவிடுகிறார்கள். கேள்வி பதில் எல்லாம் ஏலத் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே நடக்கட்டும், போனில் பேசியது கணக்கில் வராது. மூன்று நாள் பரிசோதனை அவகாசம் என்று எழுத்தில் வாங்குங்கள், கார்டில் கட்டுங்கள். தபால் வழியாக நடந்த மோசடி என்றால் அமெரிக்கத் தபால் புலனாய்வுப் பிரிவில் புகார் கொடுக்கலாம். ஒன்று முக்கியம்: 1898-க்குப் பிந்தியது என்று தெரிந்த பிறகு கோபத்தில் நீங்களே பார்சல் கட்டி விற்றவர் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். அது வேறு மாநிலம் என்றால் இப்போது சட்டத்தை மீறுவது நீங்கள். அருகிலுள்ள உரிமம் பெற்ற டீலரிடம் போய், விற்றவர் பக்கத்து டீலருக்குப் போகிற மாதிரி அனுப்புங்கள். அந்தச் செலவையும் சேர்த்தே பணம் கேளுங்கள்.