இறக்கத்தைப் பார்த்துக் கட்டுங்கள்: மலையக வீதிகளில் ஃபிக்ஸட் கியர் சைக்கிள்

ஃபிக்ஸட் கியர் சைக்கிளில் ஃப்ரீவீல், அதாவது மிதிக்காதபோதும் சக்கரத்தைத் தனியே ஓடவிடும் பல்சக்கரம், கிடையாது. பின் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். ஓடும்போது காலைச் சும்மா வைத்திருக்க வழியில்லை. "இதில் நுவரெலியாவுக்கு எப்படி ஏறுவது?" என்றுதான் பலரும் முதலில் கேட்பார்கள். ஏற்றம் சமாளிக்கக்கூடியது. முடியாத இடத்தில் இறங்கித் தள்ளலாம், அதில் வெட்கமில்லை. றம்பொடை இறக்கத்தில் கால் சோர்ந்துபோனால் அந்த வசதி இல்லை. நீண்ட காலம் பாவித்த பிறகு உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: இங்கே பல்சக்கரங்களின் பல் கணக்கு, பிரேக், பின் பல்சக்கரம் கழலாமல் பிடிக்கும் லொக் ரிங் எல்லாவற்றையும் இறங்குவதை மனதில் வைத்தே தெரிவு செய்ய வேண்டும்.

ஃபிரேமுக்கு பழைய லுமாலா சைக்கிளோ றலி சைக்கிளோ நல்ல தொடக்கம். பின் அச்சு உட்காரும் வெட்டு கிடையாக நீண்டிருப்பதால் சக்கரத்தை முன்பின் நகர்த்திச் செயினை இறுக்கலாம். கியர் உள்ள மவுண்டன் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் அந்த வெட்டு செங்குத்தாக இருக்கும். அவை இதற்கு ஆகாது. கம்பி பிரேக் போட்ட பழைய ஃபிரேம் என்றால், ஃபோர்க்கின் தலையில், ரிம்மை இருபக்கமும் கவ்வும் காலிபர் பிரேக்குக்குத் துளை இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் ஃபோர்க்கையே மாற்றுங்கள், துளை போடாதீர்கள். 28 அங்குல ரிம்மை எடுத்துவிட்டு அதைவிடச் சற்றுச் சிறிய 700சி அளவு அலுமினிய ரிம் போட்டால் ரிம்மின் ஓரம் 6.5 மில்லிமீட்டர் உள்ளே போகும். பிரேக்கின் கை அதற்கேற்ற நீளமாக இருக்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் ஹற்றன், தலவாக்கலைப் பக்கம் வீதி காய்வதே அரிது. நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கும். அலுமினிய ரிம்முக்குச் செலவழிக்கும் காசு வீண்போகாது.

இனி, உயிரோடு விளையாடும் ஒரு குறுக்குவழி. ஃப்ரீவீலை வெல்டிங் வைத்தால் ஃபிக்ஸட் ஆகிவிடும் என்பார்கள். வெல்டிங் நிறுத்துவது உள்ளே 'டிக் டிக்' என்று சத்தமிடும் சிறு கொக்கிகளை மட்டுமே. சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் ஃப்ரீவீல் ஏறியிருக்கும் மரை அப்படியேதான் இருக்கிறது. முன்னுக்கு மிதித்தால் இறுகும் அந்த மரை, இறக்கத்தில் வேகம் குறைக்கப் பெடலைக் காலால் எதிர்த்தால் கழன்று வரும். சமதரையில் பல நாள் ஒன்றும் ஆகாது. நீண்ட இறக்கத்தில்தான் கைவிடும். ஃபிக்ஸட் கியருக்கான முறையான ட்ராக் ஹப்பில் இரண்டு மரைகள் உண்டு: பல்சக்கரத்துக்கு வலது மரை, அதன்மேல் வரும் லொக் ரிங்குக்கு இடது மரை. பல்சக்கரம் கழலப் பார்த்தால் லொக் ரிங் இன்னும் இறுகிப் பிடிக்கும். மரைக்குக் கிரீஸ் பூசி, செயின் துண்டு பொருத்திய நெம்புகோலால் பல்சக்கரத்தை இறுக்கி, கொக்கிச் சாவியால் லொக் ரிங்கை இறுக்குங்கள். அத்தோடு வேலை முடியவில்லை. முதல் ஏற்றத்தில் கால் பலத்தில் பல்சக்கரம் இன்னும் கொஞ்சம் உள்ளே இறுகும். அதற்கும் லொக் ரிங்குக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும். ஏறி முடித்ததும், இறங்குவதற்கு முன், மறுபடி இறுக்கியே ஆக வேண்டும்.

பல் கணக்கில் என் பரிந்துரை முன்னே 44, பின்னே 19. 700சி ரிம்மில் 32 மில்லிமீட்டர் டயர் போட்டால் பெடலின் ஒரு முழுச் சுற்றுக்குக் கிட்டத்தட்ட 5 மீட்டர் ஓடும். மணிக்கு 10 கிலோமீட்டரில் ஏறினால் நிமிடத்துக்கு 33 சுற்று, முழங்கால் தாங்கும். 30இல் இறங்கினால் 100 சுற்று. 40இல் 133, அதில் இருக்கையில் உடம்பு துள்ளத் தொடங்கும். ஆகவே முன் பிரேக்கால் 25 முதல் 30க்குள் வைத்திருங்கள். 46க்கு 16 போட்டால் இறக்கத்தில் கால் மெதுவாகச் சுற்றும் என்பது உண்மை. ஆனால் காலால் எதிர்க்கும் பலமும் குறையும், ஏற்றம் முழங்காலைத் தின்றுவிடும்.

பெடலைத் தாங்கும் கைதான் கிராங்க். ஆப்பு போன்ற கொட்டர் பின் போட்ட பழைய கிராங்கை நீண்ட காலம் நம்ப முடியாது. முன்னும் பின்னும் மாறி மாறி விசை விழுவதால் அந்தக் கொட்டர் பின் தளர்ந்து 'டொக்' என்று தட்டும். சதுர அச்சுக் கிராங்க் போடுங்கள். நீளம் 165 மில்லிமீட்டர் போதும். கொண்டை ஊசி வளைவில் சாயும்போதும் பெடல் சுற்றிக்கொண்டே இருப்பதால், நீளக் கிராங்க் தரையில் இடித்துச் சக்கரத்தையே தூக்கிவிடும்.

செயின் நடுவில் மேலும் கீழும் 1 சென்டிமீட்டர் அளவு ஆட வேண்டும். அதிகம் ஆடினால் இறக்கத்தில் கழன்று சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஏற்றத்தில் இழுத்து மிதிக்கையில் அச்சின் வலப்பக்கம் முன்னே நகர்ந்து டயர் இடப்பக்கக் குழாயில் உரசினால், நட்டு போதிய அளவு இறுகவில்லை. மாதம் ஒருமுறை செயினை அளவுகோலால் அளவிடுங்கள். புதிதில் 12 அங்குலம் இருக்கும் 24 கண்ணிகளின் நீளம் பதினாறில் ஒரு அங்குலம் கூடினால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு அங்குலம் வரை விட்டால் பற்களும் போய்விடும். சுத்தம் செய்யும்போது சுற்றும் செயினில் துணி பிடிக்கவே கூடாது. ஃப்ரீவீல் இல்லாத செயின் விரலை இழுத்துக்கொண்டால் நிற்காது. சப்பாத்துக் கயிற்றுக்கும் இதே கதி.

பழகும் இடம் நுவரெலியா கிறகறி வாவிக்கரை போன்ற சமதரை. கூட்டம் வருமுன் விடியற்காலையில் போங்கள். முதல் வாரம் காலைப் பெடலில் கட்டாமலே ஓடுங்கள். நிறுத்த நினைத்ததும் கால் பழக்கத்தில் நின்றுவிடும்; பெடல் அதை உதறித் தூக்கும். அந்தப் பழக்கம் போன பிறகே காலைப் பெடலோடு பிடிக்கும் டோ கிளிப் வாரைப் போடுங்கள். புறப்பட, முன் பிரேக்கைப் பிடித்து, உடல் பாரத்தை முன்னே சாய்த்துப் பின் சக்கரத்தைத் தூக்கி, பெடலை மிதிக்க வசதியான உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். வேகம் குறைக்க, பின்னால் மேலெழும் பெடலை மெல்ல அழுத்துங்கள். சக்கரத்தைப் பூட்டி வழுக்கும் வித்தை மலைக்கு வேண்டாம்: டயர் தேயும், ஈர வீதியில் பின்பக்கம் ஓடும்.

டிக்கோயா, நோர்வூட் வழி வீதிக்கு இந்தச் சைக்கிள் சரியாகப் பொருந்தும். றம்பொடை, ஹக்கலை இறக்கங்களுக்கு இருபக்க ஹப் வாங்குங்கள்: ஒருபக்கம் ஃபிக்ஸட், மறுபக்கம் ஃப்ரீவீல். உச்சியில் நின்று 15ஆம் நம்பர் சாவியால் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போடச் சில நிமிடங்கள் போதும். ஃப்ரீவீலில் ஓடும்போது கால் எதிர்ப்பு இருக்காது, ஆகவே பின் பிரேக்கும் பூட்டியிருந்தால் மட்டுமே அப்படி இறங்குங்கள்.