பென்டிரைவில் லினக்ஸ் மின்ட்: விண்டோஸைத் தொடாமல் ஓட்டிப் பார்த்த அனுபவம்

என் லேப்டாப்பில் இருப்பது ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசஸர். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். நன்றாக ஓடுகிற லேப்டாப்பை ஓரங்கட்ட மனசில்லை. ஆனால் மொழிபெயர்ப்பு வேலை அத்தனையும் அதில்தான் இருக்கிறது, விண்டோஸை எடுத்துவிடவும் துணிவு வரவில்லை. இப்படி நடுவில் நிற்பவர்களுக்கு, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் 22 இயங்குதளத்தை நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கும் 'லைவ்' முறை அருமையான வழி.

மின்டின் சின்னமன் பதிப்பை முழுதாக அடக்கிய ஐஎஸ்ஓ கோப்பு 3 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. அதை இறக்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் பென்டிரைவில் எழுதினேன். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், பார்த்து எடுங்கள். அப்புறம் விண்டோஸில் ஷட்டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து, கணினி மறுபடி தொடங்கும்போது எஃப்12-ஐத் தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். சில கம்பெனிகள் தயாரிக்கும் லேப்டாப்களில் எஃப்9 அல்லது எஸ்கேப். நம்பகமான இயங்குதளத்தை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் அமைப்பை அணைக்க எனக்குத் தேவைப்படவில்லை. நீங்கள் அணைப்பதாக இருந்தால் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணை முதலில் எழுதி வையுங்கள்.

மின்ட் திரையில் கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் வைஃபை, கடிகாரம். விண்டோஸில் பழகிய கைக்கு எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. வைஃபை கடவுச்சொல் கொடுத்ததும் ஃபயர்ஃபாக்ஸ் ஓடியது. வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் பிரின்டரை அதுவாகவே கண்டுபிடித்துக்கொண்டது, டிரைவர் எதுவும் கேட்கவில்லை. கைரேகை உணரி மட்டும் வேலை செய்யவில்லை.

எனக்கு முக்கியம் தமிழ்99 விசைப்பலகை. சாஃப்ட்வேர் மேனேஜரில் பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ்-எம்17என் நிறுவி, ஐபஸ் அமைப்பில் தமிழ்99-ஐச் சேர்த்தேன். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ தட்டினால் போதும், முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக விழுந்தது. விரல் பழக்கம் அப்படியே செல்லுபடியானதில் எனக்குப் பெரிய நிம்மதி. பாமினியில் வந்த பழைய கோப்பும், எழுத்துருவை நிறுவியதும் லிப்ரே ஆபிஸில் ஒழுங்காகத் தெரிந்தது. இப்படி நிறுவியது எல்லாம் ராமில்தான் இருக்கும், ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். முயன்று பார்ப்பதற்கு அதைவிட நல்லது வேறில்லை.

வேகத்தை இதை வைத்து எடை போடாதீர்கள். எல்லாம் பென்டிரைவிலிருந்து படிக்கப்படுவதால் லிப்ரே ஆபிஸ் முதல் தடவை திறக்க நேரம் எடுக்கும். யூஎஸ்பி 3 பென்டிரைவ் என்றால் பரவாயில்லை. டேலி, போட்டோஷாப் இல்லாமல் பிழைப்பு நடக்காது என்பவர்கள் விண்டோஸை வைத்துக்கொண்டே இதை ஓட்டிப் பாருங்கள். அவை லினக்ஸில் நேரடியாக ஓடாது.

அருமையான வழி என்றேன், ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். டெஸ்க்டாப்பில் இருக்கும் 'இன்ஸ்டால்' ஐகானைத் தொடாதவரை மின்ட் உங்கள் ஹார்ட் டிஸ்கில் ஏறாது. ஆனால் கோப்பு மேலாளரில் விண்டோஸ் டிரைவ் தெரியும். அதைத் திறந்து ஒரு கோப்பை அழித்தால் உண்மையிலேயே அழிந்துவிடும்.

திரும்ப விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கலாம். லினக்ஸ் கணினியின் உள்கடிகாரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்வதால் வருவது அது. விண்டோஸின் தேதி, நேர அமைப்பில் நேரத்தை ஒருமுறை ஒத்திசைத்தால் சரியாகிவிடும்.