வேகப் படகின் ஹல்லுக்கு எது வலு: கண்ணாடி இழையா, கார்பனா, கெவ்லாரா?

ரிமோட் படகு நிதானமாக ஓடும்வரை ஹல்லைப் பற்றி, அதாவது படகின் உடற்கூட்டைப் பற்றி, யாரும் கவலைப்படுவதில்லை. பெரிய மோட்டாரும் கூடுதல் செல் பேட்டரியும் போட்டு மணிக்கு 80 கிலோமீட்டரை எட்டிப் பிடிக்கும்போதுதான் கேள்வி வருகிறது. வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீரின் தாக்கம் ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகும். கையில் கெட்டியாகத் தெரிந்த அடிப்பாகம் அப்போது வளையத் தொடங்கும்.

ஹல்லைக் கவிழ்த்து வைத்து, பின்பக்கச் சுவரான டிரான்சத்துக்குக் கொஞ்சம் முன்னால் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்வாங்கினால், ஓட்டத்திலும் அதே இடம்தான் உள்வாங்கும். அங்கே ஒரு குழிவு விழுந்தால் படகு மூக்கைத் தண்ணீரில் குத்தும். மாறாக அந்தப் பகுதி வெளிப்பக்கம் புடைத்திருந்தால், மூக்கு ஏறி ஏறி இறங்கிக் குதிரை ஓட்டம் போடும். எஃகு ஸ்கேலை நீளவாக்கில் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இரண்டுமே தெரிந்துவிடும். ஆகவே முதல் தேவை, உடையாமல் இருப்பதைவிட வளையாமல் இருப்பது. ஹல்லைப் பலப்படுத்த ரெசினில் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) ஊறவைத்து ஒட்டும் இழைத் துணிகளை இந்தக் கணக்கில்தான் ஒப்பிட வேண்டும்.

கண்ணாடி இழைத் துணியை எடுத்துக்கொள்வோம். விலை குறைவு, வளைவுகளில் சொன்னபடி படியும், ரெசினில் ஊறியதும் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். இந்தக் கடைசிக் குணம் பெரிய உதவி: எங்கே காற்றுக் குமிழ், எங்கே ரெசின் போதவில்லை என்பது வெள்ளைத் திட்டாகக் கண்ணில் படும். கார்பனில் இந்த வசதி இல்லை. ஊறினாலும் கறுப்பு, ஊறாவிட்டாலும் கறுப்பு. முதல்முறை செய்பவர் ரெசினை அள்ளி ஊற்றுவது இதனால்தான், அந்த உபரி ரெசின் எல்லாம் வெறும் எடை. கார்பனைப் படகுக்குள் வைத்தே ஊறவைக்காமல், அளவுக்கு வெட்டிய துண்டை பாலித்தீன் தாளின்மேல் விரித்து ஊறவைத்து, மிச்சத்தை வழித்தெடுத்துவிட்டு உள்ளே படியவைப்பது நல்லது. கையால் ஒட்டும்போது துணியின் எடையும் ரெசினின் எடையும் ஏறத்தாழ சமமாக வந்தால் வேலை சரி.

விறைப்பில் கார்பனுக்குப் போட்டியே இல்லை. சாதாரண கார்பன் இழை, கண்ணாடி இழையைவிட மூன்று மடங்கு விறைப்பானது, எடையும் குறைவு: அடர்த்தி 1.8-க்குக் கிட்ட, கண்ணாடிக்கு 2.5-க்கு மேல். ஆனால் முரட்டுத்தனமாக மோதினால் கார்பன் வளைந்து கொடுக்காது, சட்டென்று விரிசல் விடும். அப்புறம், அது மின்சாரத்தைக் கடத்தும். தேய்க்கும்போது பறக்கும் தூள் ஸ்பீடு கன்ட்ரோலர் பக்கம் போகக் கூடாது. உள்புறம் முழுக்கக் கார்பன் போட்டால் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலையும் மறைக்கும், ஆன்டெனாவைக் குழாய் வழியாக மேல்தளத்துக்கு வெளியே எடுத்தே ஆகவேண்டும். அடிப்பாகத்துக்கு மட்டும் கார்பன், மேல்தளம் கண்ணாடி என்று வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.

கெவ்லார் வேறு சாதி. மூன்றிலும் எடை குறைந்தது, அடிபட்டாலும் சிதறாது. உடைந்த ஹல்லின் துண்டுகளைக்கூட விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் அமுக்கத்தைத் தாங்குவதில் பலவீனம், ஆகவே அடிப்பாகத்தை விறைப்பாக்க அது சரிப்படாது. வேலை செய்வதும் சிரமம். சாதாரணக் கத்தரிக்கோல் வழுக்கும், உப்புத்தாள் போட்டால் மழமழப்பாகாமல் பஞ்சு பஞ்சாக நூல் கிளம்பும். அதனால் தேய்க்கத் தேவையில்லாத உட்புறத்தில் மட்டும் போடுங்கள்: மூக்கின் உள்பக்கம், மேல்தளமும் அடிப்பாகமும் சேரும் விளிம்பு. கவிழ்ந்து உருளும் படகு பெரும்பாலும் அந்த விளிம்பில்தான் பிளந்துகொள்கிறது.

மூன்றையும் தாண்டி நாலாவது போட்டியாளர் ஒன்று உண்டு, பலர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை: தடிமன். ஒரு தகட்டின் தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகிறது. இரண்டு கண்ணாடி இழை அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய பால்சா (எடை குறைந்த மரம்) தகடு வைத்தால், கார்பனுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதிகூட ஆகாமல் நல்ல விறைப்பு கிடைக்கும். பால்சாவின் ஓரங்களை மட்டும் எபாக்சி ரெசினால் முழுமையாக மூடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் குடித்துவிடும். நீளவாக்கில் ஓடும் இரண்டு பிளைவுட் விலாக்களும் இதே தத்துவம்தான், மோட்டார் மவுண்ட்டைத் திருகவும் இடம் கிடைக்கும். என்னைக் கேட்டால், கண்ணாடியும் விலாவும் போட்ட படகுதான் முதல் படகுக்கு ஏற்றது. டிரான்சத்தின் உள்புறம் மட்டும் பிளைவுட் தகடு ஒன்றை ஒட்டிக்கொள்ளுங்கள், புரொப்பெல்லர் தண்டைத் தாங்கும் ஸ்ட்ரட்டும் சுக்கானும் இழுக்கும் மொத்த விசையும் அங்கேதான் விழுகிறது.

ரெசினில் பெரிய விவாதம் வேண்டாம். பாலியஸ்டர் மலிவு, ஆனால் சுருங்கும், நாற்றம் தாங்காது, பழைய பரப்பில் அவ்வளவாக ஒட்டாது. எபாக்சி பழைய பாலியஸ்டர் ஹல்லின்மேலும் நன்றாக ஒட்டும். கலக்கும் விகிதத்தை எடை மெஷினில் பாருங்கள். குறுகிய கப்பில் நிறையக் கலந்து வைத்தால் சூடேறிக் கப்பிலேயே இறுகிவிடும். எதை ஒட்டுவதானாலும் முதலில் கரடான உப்புத்தாளால் தேய்த்துத் துடைக்க வேண்டும். மாஸ்க் கட்டாயம்.

ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஹல் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. எபாக்சி அதில் மனமின்றித்தான் ஒட்டும், அடிபட்டால் துணி உரிந்து வரும். மெத்தாக்ரிலேட் பசை போட்டு மூலைகளை மட்டும் பலப்படுத்தலாம். மணிக்கு 60-ஐத் தாண்ட ஆசையிருந்தால் அந்த ஹல்லை விற்றுவிட்டு ஃபைபர்கிளாஸ் ஹல் வாங்குவதே லாபம்.

எதைப் போட்டாலும் போடுவதற்கு முன்னும் பின்னும் ஹல்லை எடை போடுங்கள். கூடுதல் எடை பெரும்பாலும் பின்பக்கம்தான் சேரும். ஒற்றை ஹல் படகுக்கு ஈர்ப்பு மையம் பொதுவாக டிரான்சத்திலிருந்து நீளத்தின் 30 சதவீதத்தை ஒட்டி இருக்கவேண்டும். பேட்டரித் தட்டை முன்னே நகர்த்த இடம் விட்டபிறகு விலாக்களை ஒட்டுங்கள்.